தெங்கேயின் வாலை வெட்டியவள்

மேடையில் வீற்றிருக்கும் அமைச்சர் அவர்களே, நமது நிலநடுக்க ஆய்வு மையத்தின் இயக்குநர் இனோகே துவாய் அவர்களே, பிரிஸ்பேனிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கும் பேராசிரியர் ஹாட்லி பென்டர் அவர்களே, உங்கள் மூவருக்கும் வணக்கம். 'மதிப்பிற்குரிய' என்ற சொல்லை உங்கள் பெயர்களுக்கு முன்னால் நான் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கீழே பாயில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய நவாங்கா குடும்பத்தாரே, கொந்தளிக்கும் கடலில் ஓனோ தீவிலிருந்து கப்பலேறி வந்து, இன்னும் தலைசுற்றல் தீராமல் உட்கார்ந்திருக்கும் மதிப்பிற்குரிய உறவினர்களே, இடம் போதாமல் வராந்தாவில் சாரலில் நனைந்துகொண்டு நிற்கும் மதிப்பிற்குரிய நண்பர்களே, உங்களுக்கும் வணக்கம். நான் பேசப்போவது உங்களோடு. மேடையில் இருப்பவர்கள் விருப்பமிருந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

என் பெயர் ஷியு கரன். மையத்தில் கணினியில் ஆய்வுக் கணக்குகளைப் போடுபவன். மறைந்த டாக்டர் உனைசி நவாங்காவோடு இருபது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டவன். மேடை நாகரிகத்துக்கு 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது. 'அவள்' என்றுதான் சொல்வேன். குடும்பத்தார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்? டாக்டர் நவாங்கா மென்மையானவர் என்றார்கள். அடக்கமானவர் என்றார்கள். யாரிடமும் கடிந்து பேசாதவர் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். உனைசியா மென்மை? உனைசியா அடக்கம்? ஓனோவிலிருந்து வந்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள்! உங்கள் போதகரிடம் அவள் போட்ட சண்டை உங்களுக்கு நினைவில்லையா?

எங்கள் கருவி மண்ணுக்குள் இருந்துகொண்டு, உலகத்தின் மறுகோடியில் நடக்கும் நடுக்கத்தைக்கூடக் கேட்கும். அவ்வளவு கூர்மையான காது. அந்தக் கருவியை ஓனோவில் தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். தேவாலயத்தில் லாலி முரசு அடித்தால், இங்கே சுவாவில் எங்கள் கணினித் திரையில் பூமியே பிளந்தது போலக் கோடு ஏறும். உனைசி கப்பலேறிப் போனாள். நானும் கூடப் போனேன், வாந்தி எடுத்துக்கொண்டே. போனதும் நேரே போதகர் முன்னால் நின்றாள்.

"போதகரே, முரசைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தள்ளி வைங்க."

"அது என் தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கு, உனைசி."

"உங்க ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அம்பது அடி தள்ளி அடிச்சா அவருக்குக் கேக்காமப் போயிடுமா?"

"உன் கருவிக்கும் காது நல்லாத்தான் கேக்குதாமே. அதை நீ தள்ளி வையேன்."

ஊரே சிரித்தது. உனைசி தோற்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மறுநாள் காலையில் கருவிக்குப் புதுக் குழி தோண்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினாள். பவளப்பாறை. பாதிக் குழி தோண்டுவதற்குள் கை கிழிந்துவிட்டது. அவள் தம்பி திமோதி மண்வெட்டியை வாங்க வந்தான். "நீ தோண்டினா சாய்வா இருக்கும், போடா" என்று அவனை விரட்டிவிட்டாள். இவளா மென்மையானவள்?

அவளை மென்மையானவள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மென்மையானவளுக்கு யாரும் அநியாயம் செய்திருக்க முடியாதல்லவா? சண்டை போட்டிருக்க மாட்டாள், மறுத்திருக்க மாட்டாள், எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும், மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். போகவிட மாட்டேன்.

அவள் செய்த வேலை என்ன என்பதை உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஓனோ முதலான நம் லாவ் தீவுகளுக்கு அடியில் நடுக்கம் வருகிறது. கோப்பையில் இருக்கும் தேநீர்கூட அலம்பாது. அவ்வளவு ஆழம். உலகத்தில் வேறெங்கும் இத்தனை ஆழத்தில் இத்தனை நடுக்கங்கள் இல்லை. அந்த அலை கீழே இறங்கும். நாம் நிற்கும் மேலோட்டுக்கும் நடுவிலுள்ள இரும்புக் கருவுக்கும் இடையில் இருக்கிற பாறை முழுவதையும், மேன்டில் என்கிறோமே அதை, கடந்து போய் இரும்பில் முட்டித் திரும்பி மேலே வரும். சூடான பாறை வழியே வந்தால் கொஞ்சம் தாமதம். குளிர்ந்த பாறை வழியே வந்தால் கொஞ்சம் சீக்கிரம். அந்தத் தாமதங்களை வருடக்கணக்கில் சேர்க்க வேண்டும். கணினிக்குள் ஒரு பூமியைக் கட்ட வேண்டும். எங்கே எவ்வளவு சூட்டை வைத்தால் இதே தாமதங்கள் வரும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தின் படம் அப்படித்தான் கிடைக்கிறது.

அந்தப் படம் கிடைத்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. மேசையைத் தட்டிக் கத்தினாள்.

"ஷியு! இங்க வா, இங்க வா! இது என்னன்னு பாரு!"

"தக்காளிச் சட்னி கொட்டின மாதிரி இருக்கு."

"கண்ணைத் தொடைச்சுட்டுப் பாருடா. அடியிலேர்ந்து மேல வரைக்கும் போவுது!"

போனது. இரும்புக் கருவின் விளிம்பிலிருந்து லாவ் தீவுகளின் அடி வரைக்கும் சிவப்பாக ஒரு தூண். சூடான பாறை கீழிருந்து மேலே ஏறுகிறது என்றது எங்கள் கணக்கு. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? புரண்டு படுத்தால் பூமியை நடுங்க வைக்கும் நம் பாம்புத் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். தெங்கேயின் வால்!

அதன்பிறகு என்ன ஆட்டம்! தபால்தலையில் வால். பள்ளிக்கூடப் பனியனில் வால். மையத்தின் வாசற்கதவில் இரும்பில் வார்த்த வால். வாலைக் கண்டுபிடித்த மையம் என்று வெளிநாட்டு உதவி வந்தது. அந்த உதவியில் எழும்பிய கட்டடத்துக்கு ஓர் இயக்குநர் தேவைப்பட்டார். துவாய் அவர்களே, நீங்கள் வந்தீர்கள். பேராசிரியர் பென்டர் அவர்களே, அதுவரை எங்கள் கடிதங்களுக்குப் பதில் போடாத நீங்கள், 'என் குழுவினர்' என்று எங்களைக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானில் ஒரு பெரிய ஆய்வகம் இரண்டு வருடம் வந்து வேலை செய்யச் சொல்லி என்னை அழைத்தது. என் மனைவி குளிர்காலக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டாள். சுவாவில், அந்தப் புழுக்கத்தில், கோட்டு!

பிறகு மோவாலா தீவில் புதிதாக ஒரு கருவி வைத்தோம். புதிய அலைகளைச் சேர்த்து அடுத்த படம் எடுத்தோம். வால் இரண்டாகப் பிரிந்தது. புதுக் கிளை எங்கே இருந்தது தெரியுமா? நூல் பிடித்தது போல மோவாலாவுக்கு நேர் அடியில்.

பேராசிரியர் தொலைபேசியில் துள்ளினார். "இரட்டை வால்! இது இன்னும் பெரிய செய்தி!" என்றார். இயக்குநர் வாசற்கதவை மாற்றலாமா என்று யோசித்தார். உனைசி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாம கருவி வைக்கற எடமெல்லாம் வால் மொளைக்குதே, ஷியு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் என் மகள் கல்யாணத்துக்கு நான் லம்பாசா போய்விட்டேன். அவள் தனியாக உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். கணினிக்குள் ஒரு பொய்யான பூமியைக் கட்டினாள். அதில் வால் கிடையாது. அடியில், இரும்புக் கருவின்மேல், ரொட்டி போலத் தட்டையாக ஒரு சூடு மட்டும். நம்முடைய அதே நடுக்கங்கள், நம்முடைய அதே கருவிகள். அந்தப் பொய்ப் பூமி வழியே பொய் அலைகளை அனுப்பினாள். வந்த தாமதங்களை எடுத்து, எங்கள் கணக்கிடமே கொடுத்துப் படம் போடச் சொன்னாள்.

வால் வந்தது.

புரிகிறதா, உறவினர்களே? வாலே இல்லாத பூமியைக் கொடுத்தாலும் எங்கள் கணக்கு வால் போட்டுக் கொடுத்தது. அலைகள் எல்லாம் செங்குத்தாக இறங்கிச் செங்குத்தாக ஏறுகின்றன. குறுக்கே போகிற அலை ஒன்றுகூட இல்லை. அதனால் அடியில் கிடந்த ரொட்டியை, ஈர மையை விரலால் இழுத்தது போல, அலை வந்த வழியெல்லாம் கணக்கு மேலே இழுத்துவிட்டது. நாங்கள் உலகத்துக்குக் காட்டிய படம் பூமியின் படமே அல்ல. நாங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பதன் படம்.

அவள் என்ன செய்திருக்கலாம்? வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 'மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு மூலையில் எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்! மேடையிலேயே கேட்டுப் பாருங்கள்!

நாண்டியில் அந்தப் பெரிய ஹோட்டலில் மாநாடு. முன்வரிசையில் அமைச்சர், உதவி கொடுத்த நாடுகளின் ஆட்கள், பேராசிரியர், இயக்குநர். பின்வரிசையில் கல்யாண வீட்டுக் களைப்போடு நான். தலைமையுரை டாக்டர் உனைசி நவாங்கா. மேடையேறினாள். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். இரண்டிலும் வால்.

"இடதுபக்கம் இருக்கறது நம்ம பூமி. வலதுபக்கம் இருக்கறது நான் கட்டின பொய்ப் பூமி. அதுல வால் கிடையாது. இருந்தும் வால் தெரியுது. அதனால நான் போன தடவ காட்டின படம் தப்பு. அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன். கேள்வி இருந்தா கேளுங்க."

ஹோட்டல்காரர்கள் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு வண்டி நிறுத்துமிடத்தில், துவாய் அவர்களே, நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள்? நான் என் காருக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

"உனக்குப் பைத்தியமா, உனைசி? நாட்டோட பேரையே கெடுத்துட்டே. இது துரோகம்."

"நாட்டுக்கு வால் இருக்குன்னு நான்தான் சொன்னேன், இனோகே. இல்லைன்னும் நான்தான் சொல்லணும். வேற எவன் வந்து சொல்றதுக்குக் காத்திருக்கச் சொல்றே?"

"யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க!"

"அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

தலையைக் குனியாதீர்கள், துவாய் அவர்களே. இதே மேடையில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'உண்மையின் உருவம்' என்றீர்களே, அந்த உருவத்துக்குத்தான் அன்று நீங்கள் துரோகி என்று பெயர் வைத்தீர்கள்!

பேராசிரியர் அவர்களே, நீங்கள் கத்தவில்லை. நீங்கள் படித்தவர். பத்திரிகையாளர்களிடம் மெதுவாகப் பேசினீர்கள். "டாக்டர் நவாங்கா கொஞ்ச காலமாக உடல்நலம் இல்லாமல் இருக்கிறார். இப்படிப்பட்ட நேரங்களில் தெளிவு குறைவது இயல்புதான்" என்றீர்கள். அவளுடைய சிறுநீரகத்தைத்தான் நோய் தின்றது, பேராசிரியரே. மூளையை அல்ல. வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டு ரத்தம் சுத்தம் செய்யப் படுத்திருந்தவள், மடியில் கணினியை வைத்துக்கொண்டு உங்கள் கட்டுரையில் இருந்த பிழையையும் திருத்தி அனுப்பினாளே! அதற்கு நன்றி என்று ஒரு வரி போட்டீர்களா?

அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள், உறவினர்களே. எங்கள் அறையை மாற்றினார்கள். ஜெனரேட்டர் ஓடும் கொட்டகைக்குச் சுவரொட்டிய அறை. ஆழத்து அதிர்வைக் கேட்கிறவளுக்கு, நாற்காலியே அதிர்கிற அறை! லாவ் தீவுகளிலிருந்த கருவிகளைப் பராமரிப்புக்கு என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். இன்றுவரை பராமரிக்கிறார்கள். ஓனோவில் அவள் கை கிழியத் தோண்டின குழியில் இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது என்று திமோதி சொல்கிறான். வாசற்கதவில் வால் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யாரும் பிடுங்கவில்லை.

இவர்கள்மேல் மட்டும்தான் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். உனைசிமேலும் எனக்குக் கோபம். இறந்துவிட்டாள் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். இருபது வருடம் ஒரே அறை. அந்தக் கணக்கில் பாதி என்னுடையது. எனக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? ஊரோடு சேர்ந்து நானும் பின்வரிசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அந்த மாதமே ஜப்பான்காரர்கள் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எழுதினார்கள். கோட்டு இன்னும் அலமாரியில் தொங்குகிறது. மழைக்காலம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு நாள் காகிதப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தாள்.

"உருளைக்கிழங்கு ரொட்டி. சாப்பிட்டுட்டுத் திட்டு. வெறும் வயித்துல திட்டினா சத்தம் வராது. ஜெனரேட்டர் வேற ஓடுது."

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா, ரெண்டு வருசம் போகட்டும், நான் ஜப்பான் போயிட்டு வந்துடறேன்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல. நீ கேட்டா நான் சரின்னு சொல்லியிருப்பேன், ஷியு. அதான் சொல்லல."

நான் ரொட்டியைத் தின்றேன். மன்னிக்கவில்லை. ரொட்டி நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து மறுபடியும் வேலை. குறுக்கே போகிற அலை வேண்டும். வனுவாட்டுவில் நடுங்கினால், சாலமன் தீவுகளில் நடுங்கினால், தென் அமெரிக்கக் கரையில் நடுங்கினால், அந்த அலைகளில் சில நம் அடிப்பாறையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். அவற்றைப் பிடித்த கருவிகள் எங்கெங்கோ இருக்கின்றன. ஊர் ஊராக எழுதிக் கேட்டாள். சில பேர் கொடுத்தார்கள். சில பேர், உங்கள் நண்பர்கள்தான் பேராசிரியரே, கொடுக்கவில்லை. நடுக்கம் வரும்வரை காத்திருப்பதுதான் பெரிய வேலை. "எங்கயாச்சும் ஆடுச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே வருவாள். "ஆடல" என்பேன். "சே!" என்பாள். உடனே, "யாருக்கும் ஒண்ணும் ஆவாம, ஆழத்துல மட்டும் ஆடட்டும்" என்று சேர்த்துக்கொள்வாள்.

வருடங்கள் போயின. அவள் பாதம் வீங்கிச் செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு வந்தாள். கண் மங்கியது. எழுத்தைப் பெரிதாக்கி, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து படித்தாள். கடைசியில் படம் வந்தது. வால் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. அடியில் ரொட்டி இருந்தது. மெய்யாகவே இருந்தது. செங்குத்தாகப் பார்த்தாலும் இருந்தது, குறுக்கே பார்த்தாலும் இருந்தது. அதன் வடக்கு ஓரம் மட்டும் கொஞ்சம் மேல்நோக்கி மடிந்திருந்தது.

சின்னப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டாள். பெரிய பத்திரிகைகள் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பரிசீலிக்க யாரை அழைத்தார்கள் என்பது மேடையில் ஒருவருக்குத் தெரியும். இன்று வேறு மூன்று நாட்டுக்காரர்கள் தாங்களாகவே செய்து பார்த்து, வால் இல்லை என்கிறார்கள். பேராசிரியர் என்ன சொல்கிறார்? 'நாங்கள் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டோம்' என்கிறார். நாங்களா? எந்த நாங்கள்?

இயக்குநர் கையைக் காட்டுகிறார். நேரமாகிவிட்டதாம். உட்கார மாட்டேன், துவாய் அவர்களே. அடுத்து நடக்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். என் பின்னால் சுவரில் மஞ்சள் துணி போட்டு மூடி ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நான் பேசி முடித்ததும் பேராசிரியர் எழுந்து துணியை விலக்குவார். படம் பிடிப்பார்கள். அந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்று குடும்பத்தாருக்கு யாராவது சொன்னீர்களா? இன்று காலை பட்டறையில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். நடுவில் டாக்டர் உனைசி நவாங்காவின் முகம். முகத்தைச் சுற்றி, அடியிலிருந்து மேலே வரைக்கும், பித்தளையில், பளபளவென்று…

வால்!

அவள் தன் கையால் அழித்த பொய்யை அவள் முகத்தைச் சுற்றி மாட்டியிருக்கிறார்கள்! உயிரோடு இருந்தபோது அவள் வாயை மூட முடியவில்லை. இறந்தபிறகு அவள் பெயரிலேயே மறுபடியும் சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள். கட்டடத்துக்கு வால் வேண்டும், உதவிக்கு வால் வேண்டும், தபால்தலைக்கு வால் வேண்டும். உனைசி வேண்டாம். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள், அமைச்சர் அவர்களே? உங்களுக்குத் தெரியாதென்றால் கேளுங்கள். தெரியுமென்றால் வெட்கப்படுங்கள்!

திமோதி, எங்கே எழுந்து வருகிறாய்? … வா. … இயக்குநரே, தள்ளி நில்லுங்கள். அவன் அவளுடைய தம்பி. யாரும் அவன் தோளில் கை வைக்காதீர்கள். … பலகை கனமாக இருக்கும், திமோதி. அந்தப் பக்கம் ஒரு ஆள் பிடியுங்கள். … ஆமாம், துணியோடேயே எடுத்துக்கொண்டு போங்கள். … பேராசிரியர் அவர்களே, உட்காருங்கள். விலக்குவதற்கு இனி ஒன்றுமில்லை.

வராந்தாவில் வழி விடுங்கள். நன்றி.

இனி ஒன்றிரண்டு வார்த்தைதான்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் கடைசியில் ஓர் உறுதிமொழி எடுப்பது வழக்கம். மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம், அவர் காட்டிய வழியில் நடப்போம் என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்வோம். பிறகு யங்கோனா வேர்ச்சாறு குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். நானும் உறுதிமொழி எடுக்கிறேன். ஆனால் என் உறுதிமொழி வேறு.

போன மாதம் மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போனேன். குரல் உள்ளே போயிருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அந்த மடிப்பு, ஷியு. வடக்கு ஓரம். நீ நம்பறியா?"

"நம்பல. அந்தப் பக்கம் நமக்குக் கருவியே இல்ல. அதுவும் இழுத்த மைதான். ரெண்டு வருசமா சொல்றேன், நீதான் கேக்கல."

"நான் இருக்குன்னு சொல்றேன்."

"நீ இதுக்கு முன்னாடியும் இருக்குன்னு சொன்னவதான்."

சிரித்தாள். சிரித்தது இருமலாகி, செவிலி வந்து என்னை முறைத்தாள். இருமல் அடங்கியதும், "அப்ப ஒடச்சுக் காட்டு. பேச்செல்லாம் வேணாம்" என்றாள். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்.

ஆகவே, உறவினர்களே, நண்பர்களே! டாக்டர் உனைசி நவாங்கா சொன்னாள் என்பதற்காக நான் எதையும் நம்ப மாட்டேன். அவள் காட்டிய படத்துக்கு மாலை போட மாட்டேன். வரும் வாரம் கப்பலில் நான் ஓனோவுக்குப் போகிறேன். மையத்தின் கருவி அல்ல. நியூசிலாந்தில் ஒரு நண்பர் பழைய கருவி ஒன்று கொடுத்திருக்கிறார். குழியிலுள்ள தண்ணீரை இறைத்துவிட்டு அதை வைப்பேன். அங்கிருந்து வடக்கே, தீவு தீவாக, இடம் கொடுக்கிற ஊரிலெல்லாம் வைப்பேன். இயக்குநர் அவர்களே, என் ராஜினாமாவை எழுதித் தரவில்லை. விரும்பினால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்கள் இங்கே கை தூக்க வேண்டாம். துறைமுகத்துக்கு வாருங்கள், வாந்திக்குப் பை எடுத்துக்கொண்டு.

அந்த மடிப்பு பொய் என்று காட்ட என்னால் ஆனதையெல்லாம் செய்வேன். ஒவ்வொரு அலையாக எடுத்து அவளை எதிர்ப்பேன். பொய்ப் பூமிகளைக் கட்டி அவள் கணக்கை மடக்கப் பார்ப்பேன். இரக்கம் காட்ட மாட்டேன். ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். இது என் உறுதி.

நான் தோற்றுப்போக வேண்டும் என்று இந்த மண்டபத்தில் என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை.